பயோடெர்மா கேங்கிரினோசம்: இரண்டு மருந்தும் சமம் என்று முடிந்த ஆய்வால் யாருக்கு என்ன லாபம்?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2025

என் மாமனாருக்கு வயது 62, சுகர் உண்டு. கெண்டைக்காலில் வந்த புண்ணைப் பயோடெர்மா கேங்கிரினோசம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலை அரித்துப் புண்ணாக்கும் அபூர்வ நோய்) என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் தொடங்குவதா, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் தொடங்குவதா என்று டாக்டரே யோசிக்கிறார். தேடிப் பார்த்தால் பிரிட்டனில் இரண்டையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்திருக்கிறது. முடிவு: இரண்டும் சமம். ஆறு மாதத்தில் பாதிப் பேருக்குக்கூட ஆறவில்லை. இந்த மாதிரி அபூர்வத் தோல் நோய்களுக்கு நடத்தும் ஆய்வுகளால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு மட்டும்தான் பயன், நோயாளிக்கு ஒன்றும் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

9 ஜனவரி, இரவு

இருக்கிறது. அந்த ஆய்வை வைத்துத்தான் என் அக்காவுக்கு மருந்தைத் தேர்ந்தெடுத்தோம்.

ஆய்வின் பெயர் ஸ்டாப் கேப். 39 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தியது, 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 121 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு பிரெட்னிசோலோன், தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 0.75 மி.கி. இன்னொரு குழுவுக்கு சைக்ளோஸ்போரின், கிலோவுக்கு 4 மி.கி. முதல் ஆறு வாரத்தில் புண் என்ன வேகத்தில் சுருங்குகிறது என்பது முதன்மைக் கேள்வி. யாருக்கு எந்த மருந்து என்பது நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியும். போட்டோவைப் பார்த்துப் புண்ணை அளந்தவர்களுக்கு மட்டும் தெரியாது.

வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் முடிந்தபோது சைக்ளோஸ்போரின் குழுவில் 59 பேரில் 28 பேருக்கும், பிரெட்னிசோலோன் குழுவில் 53 பேரில் 25 பேருக்கும் ஆறியிருந்தது. இரண்டு பக்கமும் 47 சதவீதம். ஆறியவர்களிலும் பத்தில் மூன்று பேருக்குத் திரும்ப வந்தது.

நீங்கள் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த பத்தி முக்கியமானது. பக்கவிளைவு இரண்டு குழுவிலும் மூன்றில் இரண்டு பேருக்கு வந்தது, ஆனால் வந்தது ஒரே மாதிரி இல்லை. கடுமையானவை, குறிப்பாகக் கிருமித் தொற்று, பிரெட்னிசோலோன் பக்கம் அதிகம். புண்ணை ஆற்றுவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றால், எந்த மருந்தின் கெடுதலை உங்கள் மாமனாரின் உடம்பு தாங்கும் என்று பார்த்து முடிவெடுக்கலாம். சுகர் உள்ளவருக்கு இவ்வளவு ஸ்டீராய்டு கொடுத்தால் சுகர் எகிறும். பிரஷரோ கிட்னிக் கோளாறோ இருந்தால் சைக்ளோஸ்போரின் தொல்லை கொடுக்கும். அவருடைய கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) எவ்வளவு? பிரஷர் எப்படி? அதை நீங்கள் எழுதவில்லை.

இந்த ஆய்வு வருவதற்கு முன்பு டாக்டர் எந்த ஊரில் படித்தார், அவருடைய பேராசிரியருக்கு எந்த மருந்தில் நம்பிக்கை என்பதை வைத்து இந்த முடிவு எடுக்கப்பட்டது. இப்போது மாமனாரின் ரத்தப் பரிசோதனையை வைத்து எடுக்கலாம். இதைத்தான் நான் நோயாளிக்குக் கிடைத்த லாபம் என்கிறேன்.

10 ஜனவரி

“121 பேர் எல்லாம் ஒரு எண்ணிக்கையா, சுகர் மாத்திரைக்குப் பத்தாயிரம் பேரை வைத்துச் சோதிக்கிறார்களே” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒரு சிலருக்குத்தான் இந்த நோய் புதிதாக வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் வேலை பார்ப்பவர்கூட வருடத்துக்கு விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்ப்பார். அதனால்தான் 39 இடங்கள் தேவைப்பட்டன. அந்த 39 இடங்களும் புண்ணை ஒரே மாதிரி அளக்க வேண்டும், ஒரே மாதிரி போட்டோ எடுக்க வேண்டும், பாதியில் விட்டுப் போகிறவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரிட்டனில் தோல் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சேர்ந்து 2002இல் ஒரு ஆய்வு வலையமைப்பைத் தொடங்கியிருந்தார்கள், மையம் நாட்டிங்ஹாமில். அது இல்லாமல் ஸ்டாப் கேப் நடந்தே இருக்காது.

நோயை விவரித்துப் பெயர் வைத்தது 1930இல், அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில், பிரன்ஸ்டிங், கோக்கர்மன், ஓ’லியரி என்ற மூவர். கிருமித் தொற்றுதான் காரணம் என்று அன்றைக்கு நம்பினார்கள். நம் உடம்பின் வெள்ளை அணுக்களே கட்டுமீறித் தோலைத் தாக்குகின்றன என்பது பிறகு வந்த புரிதல். 1930இலிருந்து கணக்குப் போடுங்கள். குலுக்கல் முறையில் குறிப்பிடத்தக்க ஒரு ஆய்வு வர 2006 ஆனது. அதுவும் பிரிட்டனில்தான். மொத்தம் 30 பேர். 13 பேருக்கு அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், 17 பேருக்கு வெற்று மருந்து (பார்க்க மருந்து போல இருக்கும், உள்ளே மருந்து இருக்காது). இரண்டாவது வாரத்தில் 13இல் 6 பேருக்கு முன்னேற்றம், வெற்று மருந்துக் குழுவில் 17இல் ஒருவருக்கு. இந்த முப்பது பேரை நம்பித்தான் இன்றைக்கும் பல டாக்டர்கள் இன்ஃப்ளிக்ஸிமாப் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் 121 என்பது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள்.

10 ஜனவரி, பின்னேரம்

கிரியாட்டினின் 0.9, பிரஷர் மாத்திரை கிடையாது என்று மாமனார் விவரம் வந்திருக்கிறது. நல்லது. டாக்டரிடம் இந்த இரண்டையும் சுகரின் மூன்று மாதச் சராசரியையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். முடிவு அவருடையதுதான்.

13 ஜனவரி

அக்காவைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள்.

ஸ்கூட்டியின் ஸ்டாண்டு முழங்காலுக்குக் கீழே இடித்தது. சின்னச் சிராய்ப்பு. நாலாவது நாள் அந்த இடத்தில் ஒரு கொப்புளம், அப்புறம் அது உடைந்து புண். சீழ் மாதிரி ஒழுகியதால் ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். செத்த சதையை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்தால் ஆறிவிடும் என்று சர்ஜன் சொன்னார். செய்தார். இரண்டே நாளில் புண் இன்னும் அகலமானது. விளிம்பு ஊதா நிறமாக மாறி, உள்பக்கமாக அரித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் சுத்தம் செய்தார்கள், மறுபடியும் பெரிதானது. வலி தாங்காமல் அக்கா இரவெல்லாம் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போர்வை பட்டால்கூட அலறுவாள். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. இந்த நோயில் காயம் பட்ட இடத்திலேயே நோய் கிளம்பும், கத்தி வைத்த இடத்தில் பெரிதாகும் என்பதைத் தோல் டாக்டர்கள் ரொம்ப காலமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அது அந்த வார்டு வரைக்கும் வந்து சேரவில்லை.

கடைசியில் வயதான ஒரு தோல் டாக்டரிடம் போனோம். காலைப் பார்த்தார். கட்டைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டு, “வயிறு எப்படிம்மா இருக்கு? வெளிக்குப் போகும்போது ரத்தம் போகுதா?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூலம் என்று நினைத்து அக்கா வருடக்கணக்காக நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குடலில் குழாய் விட்டுப் பார்த்ததில் அல்சரேட்டிவ் கோலைடிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும். இந்தப் புண் வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குக் குடல் அழற்சி, முடக்குவாதம், ரத்தம் சம்பந்தமான நோய் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். உங்கள் மாமனாருக்கு இதையெல்லாம் பார்த்தாயிற்றா?

14 ஜனவரி

பொங்கல் நேரம், அதிகம் எழுத முடியாது. “அப்படியானால் பயாப்ஸியும் எடுக்கக் கூடாதா” என்ற கேள்விக்கு மட்டும்: எடுக்க வேண்டும். விளிம்பிலிருந்து சின்னதாக ஒரு துண்டு. காரணம் நாளைக்கு.

15 ஜனவரி

காரணம் இதுதான். 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் மாயோ கிளினிக் டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பயோடெர்மா கேங்கிரினோசம் என்று தவறாக முடிவு செய்யப்பட்ட 95 பேரின் கதை. உண்மையில் அவர்களுக்கு இருந்தது ரத்தக் குழாய் அடைப்பு, ரத்தக் குழாய் அழற்சி, புற்றுநோய், ஆழமான பூஞ்சைத் தொற்று என்று வேறு வேறு. அவர்களில் 64 பேர் இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள், நடு அளவு 10 மாதம், அதாவது பாதிப் பேர் பத்து மாதமோ அதற்கு மேலோ. பூஞ்சைத் தொற்று உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் டிபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கும் முன்பு நெஞ்சு எக்ஸ்ரேயும் டிபி பரிசோதனையும் ஏன் கேட்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த நோயை நூறு சதவீதம் உறுதி செய்ய ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. மற்றதையெல்லாம் விலக்கித்தான் வர வேண்டும். 2018இல் நிபுணர்கள் கூடி அளவுகோல்கள் வகுத்த பிறகு நிலைமை கொஞ்சம் தேவலை. ஆய்வுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கும் இதே தலைவலி: தவறான ஆள் உள்ளே வந்துவிட்டால் மருந்து வேலை செய்ததா இல்லையா என்பதே குழம்பிவிடும்.

17 ஜனவரி

ஒன்பதாம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். “ஏறக்குறைய ஒன்று என்றால்” என்று எழுதியிருக்கிறேன். அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

புண் சுருங்கிய சராசரி வேகம் சைக்ளோஸ்போரினில் நாளைக்கு 0.21 சதுர செ.மீ., பிரெட்னிசோலோனில் 0.14. மற்ற காரணிகளைச் சரிக்கட்டிப் பார்த்தால் வித்தியாசம் 0.003, அதாவது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வித்தியாசத்தின் நம்பக எல்லை (உண்மையான வித்தியாசம் எந்த வரம்புக்குள் இருக்கலாம் என்ற கணக்கு) ஒரு பக்கம் 0.20 வரைக்கும், மறுபக்கம் 0.21 வரைக்கும் போகிறது. சராசரி வேகமே 0.2 அளவில் இருக்கும்போது, இரண்டு பக்கமும் 0.2 வரை தள்ளாடும் ஒரு அளவீட்டை வைத்துக்கொண்டு இரண்டும் சமம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஒன்று இன்னொன்றைவிட நல்லது என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். ஆயிரம் பேரை வைத்துச் செய்தால் ஏதாவது ஒன்று கொஞ்சம் முந்தலாம். அந்த ஆயிரம் பேர் கிடைக்கப் போவதில்லை.

அதற்காக என் நிலைப்பாடு மாறவில்லை. சைக்ளோஸ்போரின்தான் ரொம்ப உசத்தி என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. அப்படி ஒரு பெரிய இடைவெளி இருந்திருந்தால் 121 பேரிலேயே தெரிந்திருக்கும். தெரியவில்லை. ஆகவே மற்ற நோய்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று ஆய்வு நடத்தியவர்களே சொன்னதை நானும் சொல்கிறேன், கொஞ்சம் நிதானமான குரலில்.

18 ஜனவரி

“ஆய்வு ஆய்வு என்கிறீர்களே, நம் நாட்டில் பெம்பிகஸ் நோயாளிகளைப் பல்ஸ் சிகிச்சை காப்பாற்றியது. அதற்கு எந்தக் குலுக்கல் நடந்தது?” என்று சேலத்து வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நேரம் எடுத்து எழுதுகிறேன்.

22 ஜனவரி

பெம்பிகஸ் தெரியாதவர்களுக்கு: தோல் அணுக்களை ஒட்டவைக்கும் புரதத்துக்கு எதிராக உடம்பே எதிர்ப்பொருள் உண்டாக்கும். வாயிலும் உடம்பிலும் கொப்புளம் கிளம்பி உரிந்துபோகும். ஸ்டீராய்டு வருவதற்கு முந்திய காலத்தில் வந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்தார்கள். ஸ்டீராய்டு வந்தபின் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அதிக அளவில், வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியிருந்தது. எலும்பு, சுகர், தொற்று என்று அதிலும் பலர் போனார்கள்.

டெல்லி எய்ம்ஸில் பேராசிரியர் ஜே.எஸ். பஸ்ரிச்சா 1980களின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கினார். 1984இல் ராம்ஜி குப்தாவோடு சேர்ந்து வெளியிட்டார். பல்ஸ் என்பது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 100 மி.கி.யை குளுக்கோஸ் பாட்டிலில் கலந்து மூன்று நாள் தொடர்ந்து நரம்பில் ஏற்றுவது, அதில் ஒரு நாள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 500 மி.கி. சேர்ப்பது. 28 நாளைக்கு ஒரு முறை இதையே திரும்பச் செய்வது. இடைப்பட்ட நாட்களில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு 50 மி.கி. மாத்திரை. புண் எல்லாம் ஆறிய பிறகும் ஒன்பது மாதம் பல்ஸ், அதற்குப் பிறகு ஒன்பது மாதம் மாத்திரை மட்டும், பிறகு மருந்தில்லாமல் கண்காணிப்பு. இந்தியா முழுக்க தோல் வார்டுகளில் இது பரவியது. மருந்துகள் மலிவு. அரசு மருத்துவமனையிலேயே கொடுக்க முடியும். மாதம் மூன்று நாள் வந்து ஏற்றிக்கொண்டு, மற்ற நாள் வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். சேலத்து நண்பர் சொல்வது முழுக்க உண்மை.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. இவ்வளவு நோயாளிகள் நம்மிடம் இருந்தார்கள். தொடர்ந்து பார்த்து எழுதி வைத்த பெரிய பெரிய தொகுப்புகள் உண்டு, அவை மதிப்பானவை. ஆனால் மற்ற சிகிச்சையோடு குலுக்கல் முறையில் பெரிய அளவில் ஒப்பிடும் ஆய்வு நடக்கவில்லை. அதனால் இந்த முறை வெளிநாட்டு வழிகாட்டுதல்களில் ஓரத்திலேயே நின்றது. அதைவிட முக்கியம்: பல்ஸில் எந்த மருந்து உண்மையில் வேலை செய்தது, எது தேவையில்லாமல் கெடுதல் செய்தது என்பது தெளிவாகப் பிரியவில்லை. சைக்ளோஃபாஸ்ஃபமைடு சினைப்பையையும் விந்துவையும் பாதிக்கும். குழந்தை பெற வேண்டிய வயதில் வந்தவர்களுக்கு அதை விட்டுவிட்டு டெக்ஸாமெத்தசோனை மட்டும் ஏற்றினார்கள். அவர்களையும் மற்றவர்களையும் குலுக்கலில் வைத்துப் பார்த்திருந்தால் எத்தனை பெண்களுக்கு அந்த மாத்திரை தேவையே இல்லை என்று தெரிந்திருக்கும்?

அப்புறம் 2017. பிரான்சில் 25 மையங்கள், 90 பெம்பிகஸ் நோயாளிகள், ஜோலி என்ற டாக்டர் தலைமையில். ஒரு குழுவுக்கு ரிட்டுக்ஸிமாபும் (எதிர்ப்பொருள் உண்டாக்கும் வகை வெள்ளை அணுக்களைக் குறைக்கும் மருந்து) குறுகிய காலத்துக்கு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும். இன்னொரு குழுவுக்கு நீண்ட காலம் பிரெட்னிசோன் மட்டும். இரண்டு வருட முடிவில் மருந்தே இல்லாமல் நோய் முழுக்க அடங்கி இருந்தவர்கள் முதல் குழுவில் 46இல் 41, இரண்டாவதில் 44இல் 15. அடுத்த வருடமே அமெரிக்காவில் இந்த நோய்க்கு ரிட்டுக்ஸிமாப் அனுமதி பெற்றது. தொண்ணூறே பேர்! நம்முடைய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சில வருடத்தில் வந்து போகிற எண்ணிக்கை. இந்தியாவில் 2007லேயே ரிட்டுக்ஸிமாபின் பயோசிமிலர், அதாவது மூல மருந்தை ஒத்த மாற்று, தயாரித்தாயிற்று. மருந்தும் இருந்தது, நோயாளிகளும் இருந்தார்கள், டாக்டர்களும் கெட்டிக்காரர்கள். ஆய்வை நடத்தும் அமைப்பு மட்டும் நம்மிடம் இல்லை.

23 ஜனவரி

சேலத்து நண்பருக்கு வருத்தம் போலிருக்கிறது. பஸ்ரிச்சாவைக் குறை சொல்லவில்லை. கையில் ஒன்றுமே இல்லாத காலத்தில் ஒருவர் எழுந்து ஒரு வழி செய்தார், அதைக் கட்டம் கட்டமாக எழுதியும் வைத்தார். அவருக்குப் பின்னால் வந்த நாற்பது வருடத்தைப் பற்றித்தான் என் ஆதங்கம்.

25 ஜனவரி

தோற்ற மருந்தும் ஜெயிக்கலாம் என்பதற்கு ஒரு உதாரணம், நேற்று ஒருவர் தாத்தாவின் கொப்புள நோயைப் பற்றிக் கேட்டதால்.

புல்லஸ் பெம்பிகாய்டு வயதானவர்களுக்கு வருவது. பிளிஸ்டர் என்ற ஆய்வு, பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்ந்து, 253 பேர், 2017இல் வெளியானது. பிரெட்னிசோலோனோடு டாக்ஸிசைக்ளினை ஒப்பிட்டார்கள். ஆம், நம் மருந்துக்கடையில் கிடைக்கும் அதே ஆண்டிபயாடிக் டாக்ஸிசைக்ளின், தினமும் 200 மி.கி. ஆறு வாரத்தில் கொப்புளம் கட்டுப்பட்டவர்கள் பிரெட்னிசோலோனில் 91 சதவீதம், டாக்ஸிசைக்ளினில் 74. தோற்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் ஒரு வருடத்துக்குள் கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் பிரெட்னிசோலோனில் 36 சதவீதம், டாக்ஸிசைக்ளினில் 18. எண்பது வயதுப் பெரியவருக்கு எது முக்கியம்? கொஞ்சம் மெதுவாக ஆறினாலும் பரவாயில்லை, நிமோனியாவில் படுக்காமல் இருக்கட்டும் என்று பேரப்பிள்ளைகள் நினைக்கலாம். அப்படி நினைப்பதற்கு இப்போது எண்கள் இருக்கின்றன. கொப்புளத்தை மட்டும் எண்ணிவிட்டு ஆறாவது வாரத்தில் கடையைக் கட்டியிருந்தால் இது தெரிந்திருக்காது. ஆய்வு எத்தனை நாள் நடந்தது, எதை எண்ணினார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

29 ஜனவரி

புண் சின்னதாக இருந்தால் மாத்திரையே வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஸ்டாப் கேப் நடந்தபோதே கூடவே இன்னொன்றும் செய்தார்கள். குலுக்கல் இல்லை, களிம்பு மட்டும் போட்டுக்கொண்ட 66 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் குளோபெட்டசால், சிலருக்கு டாக்ரோலிமஸ். ஆறு மாதத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஆறியது. சின்னப் புண்கள் சீக்கிரம் ஆறின.

மாத்திரை சாப்பிட்டவர்களிலும் 47 சதவீதம்தானே என்று உடனே ஒப்பிடாதீர்கள். களிம்புக்கு வந்தவர்கள் லேசான நோயோடு வந்தவர்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்தது. குலுக்கல் எதற்காக என்பது அந்த ஆசை வரும்போதுதான் நன்றாகப் புரிகிறது.

4 பிப்ரவரி

மாமனாருக்கு சைக்ளோஸ்போரின் தொடங்கிவிட்டார்களாம். அக்காவுக்கும் அதுதான். அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

கேப்ஸ்யூலை ஃபாயிலிலிருந்து பிரித்ததும் ஒரு நாற்றம் வரும். கெட்டுப்போகவில்லை, அதன் வாடையே அப்படி. அக்கா முதல் நாள், “ஏன்டா தம்பி, காலாவதியான மருந்தை வாங்கிட்டு வந்துட்டியா?” என்று கேட்டாள். முன்கூட்டியே பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், சாப்பிடும்போது மட்டும் பிரியுங்கள். பம்ப்ளிமாஸ் பழம் வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவைக் கூட்டிவிடும். சளிக்கு யாராவது கிளாரித்ரோமைசின் எழுதினால் இந்த மருந்து சாப்பிடுவதைச் சொல்லுங்கள், அதுவும் கூட்டும். பிரஷரும் கிரியாட்டினினும் ஆரம்பத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். அக்காவுக்கு ஈறு லேசாக வீங்கியது, கன்னத்தில் பூனைமுடி வந்தது. அளவைக் குறைத்த பிறகு இரண்டும் தணிந்தன.

இந்த மருந்து வந்த கதையும் சுவையானது. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி மண்ணில் இருந்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்தது. சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஊழியர் ஒருவர் விடுமுறைக்குப் போன இடத்தில் மண்ணை எடுத்து வந்தார். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் குணத்தை 1970களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையே அதற்குப் பிறகு மாறிப்போனது.

5 பிப்ரவரி

கட்டு மாற்றுவது பற்றி: ஒட்டாத டிரெஸ்ஸிங் கேளுங்கள். காய்ந்து ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், சலைனில் நனைத்து ஊறவிட்டு எடுங்கள். பிய்த்தால் அதுவே புதுக் காயம். வலி மாத்திரையைக் கட்டு மாற்றுவதற்கு அரைமணி நேரம் முன்பே கொடுப்பது எங்களுக்கு உதவியது. எந்த வலி மாத்திரை என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். சைக்ளோஸ்போரினோடு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சேர்ந்தால் கிட்னிக்கு ஆகாது.

11 பிப்ரவரி

ஒரு நர்சிங் மாணவி: “இவ்வளவு வேதனையில் இருப்பவருக்கு வெற்று மருந்து கொடுப்பது நியாயமா?”

இந்தக் கேள்வி எனக்குள்ளும் உண்டு. அக்காவுக்கு ஆய்வில் சேர வாய்ப்பு வந்து, வெற்று மருந்துக் குழுவில் விழுந்திருந்தால் என்று யோசித்தால் வயிறு கலங்குகிறது. ஆனால் செய்கிற விதம் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்கச் சீழ்க் கொப்புளம் கிளம்பும் பஸ்டுலர் சோரியாசிஸ், உயிரையே எடுக்கக்கூடியது. 1910இல் வான் ஸும்புஷ் விவரித்த நோய். 2011இல் துனிசியக் குடும்பங்களை ஆராய்ந்து, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின் 36 என்ற புரதத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் பழுது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வழியையே அடைக்கும் மருந்து ஸ்பெசோலிமாப். 2021இல் வெளியான ஆய்வில் 53 பேர்: 35 பேருக்கு மருந்து ஒரு தடவை நரம்பில், 18 பேருக்கு வெற்று மருந்து. ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது கண்ணுக்குத் தெரியும் சீழ்க் கொப்புளமே இல்லாதவர்கள் மருந்துக் குழுவில் 54 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். எட்டாவது நாளிலேயே வெற்று மருந்து பெற்றவர்களும் உண்மையான மருந்தைப் பெற வழி வைத்திருந்தார்கள். நடுவில் நிலைமை மோசமானால் மீட்புச் சிகிச்சை உண்டு.

ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைத் தாங்கிய 18 பேரால் அடுத்த வருடம் அமெரிக்காவில் மருந்து அனுமதி பெற்றது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. இருந்தாலும் மாணவியின் கேள்வி சரியான கேள்விதான். ஒவ்வொரு ஆய்விலும் சம்மதப் படிவத்தை வாங்கும் முன்பு, எத்தனை நாள், நடுவில் வெளியேறலாமா, வெளியேறினால் என்ன மருந்து தருவீர்கள் என்று நோயாளியின் வீட்டார் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

12 பிப்ரவரி

ஸ்பெசோலிமாப் பயோடெர்மாவுக்கு உதவுமா என்று கேட்டவருக்கு: இந்த அனுமதி பஸ்டுலர் சோரியாசிஸுக்கு மட்டும். இரண்டிலும் சீழ் போலத் தெரிகிறது என்பதற்காக மருந்தை மாற்றிக் கேட்காதீர்கள்.

20 பிப்ரவரி

மாமனார் புண் ஆறுகிறதா இல்லையா என்று வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணை நம்பாதீர்கள், அளவெடுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே வெளிச்சம், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ. புண்ணைத் தொட வேண்டாம். அதிகபட்ச நீளத்தையும் அதற்குக் குறுக்கே அகலத்தையும் பெருக்கி 0.785ஆல் பெருக்கினால் பரப்பளவு ஓரளவுக்குக் கிடைக்கும். முதலில் வலி குறையும், விளிம்பின் ஊதா நிறம் மங்கும், அப்புறம்தான் அளவு குறையும். அக்காவுக்கு முதல் சில வாரம் எண் அசையவே இல்லை. வலி மட்டும் குறைந்தது. அந்த நேரத்தில் மருந்தை மாற்றிவிடலாம் என்று அத்தான் துடித்தார். ஸ்டாப் கேப்பில் ஆறியவர்களுக்கே மாதக்கணக்கில் ஆனது என்பதை அவரிடம் காட்டித்தான் நிறுத்தி வைத்தோம். அவளுக்கு முழுக்க மூடியது, தழும்பு இருக்கிறது. கோலைடிஸுக்கு மருந்து தொடர்கிறது. இது திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் காலில் எது பட்டாலும் அன்றைக்கே பார்க்கிறோம்.

21 பிப்ரவரி

மேலே இருப்பதைப் படித்துவிட்டு, ஸ்டீராய்டில் இருக்கும் ஒருவர் “நான் நாளைக்கே பிரெட்னிசோலோனை விட்டுவிட்டு சைக்ளோஸ்போரினுக்கு மாறிவிடவா?” என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். வாரக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய கார்ட்டிசால் உடனே வராது. பிரஷர் விழுந்து, வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. மாற்றுவதானால் டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார், இரண்டும் கொஞ்ச நாள் சேர்ந்தும் ஓடலாம். உங்களுக்கு சுகரும் தொற்றும் இல்லை, புண்ணும் சுருங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் மாற வேண்டிய அவசியமே என்ன என்று முதலில் அவரிடம் கேளுங்கள்.